தலைப்பைத் தட்டினால் வரிசை மாறணும், அவ்வளவுதானே?

ஒரு டேபிள். மேலே பெயர், தேதி, தொகை, நிலை என்று தலைப்புகள். எதைத் தட்டினாலும் பட்டியல் அதன்படி மாறி வரவேண்டும். கேட்கும்போது அரை நாள் வேலை. ஐம்பது வரி இருக்கும்வரை உண்மையிலேயே அரை நாள் வேலைதான். வரிகள் லட்சக்கணக்கில் சேர்ந்ததும் அதே தட்டலுக்குப் பல நொடிகள் பிடிக்கும். முதல் பக்கத்தில் பார்த்த ஆளே இரண்டாம் பக்கத்திலும் வந்து நிற்பார். பத்து, இரண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றுக்கும் காரணங்கள் வேறு. ஆனால் வரிசையை யார், எந்த இடத்தில், எந்த விதிப்படி முடிவு செய்கிறார்கள் என்று யாரும் கேட்காமல் விட்டதில்தான் மூன்றும் தொடங்குகின்றன.

வெப் அப்ளிகேஷனில் வரிசைப்படுத்த மூன்று இடங்கள் உண்டு: டேட்டாபேஸ், சர்வரில் ஓடும் நிரல், பிரவுசர். மொத்தத் தரவும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரிசைப்படுத்த வேண்டும். பக்கத்துக்கு 20 வரி என்று சர்வர் பிரித்து அனுப்பினால், பிரவுசரின் கையில் இருப்பது அந்த 20 மட்டும். அதை மட்டும் தொகைவாரியாக அடுக்கிக் காட்டினால், திரையில் மேலே நிற்பது அந்த 20-இல் பெரிய தொகை. பயனரோ அதை மொத்தத்திலும் பெரிய தொகை என்று நம்பிவிடுவார். இந்தப் பிழை எந்த எச்சரிக்கையும் தராது, எந்த லாகிலும் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) பதிவாகாது. அதனால்தான் ஆபத்தானது.

அப்படியென்றால் எப்போது பிரவுசரில் செய்யலாம்? மொத்தப் பட்டியலும் ஏற்கெனவே அங்கே இருந்தால், அது சில ஆயிரம் வரிகளைத் தாண்டாது என்றும் தெரிந்தால், தாராளமாகச் செய்யலாம். சர்வருக்குப் போய்வரும் நேரம்கூட மிச்சம். நடுவில் இருக்கும் சர்வர் நிரலில் செய்வதைத்தான் கூடுமானவரை தவிர்க்கச் சொல்வேன். ஜாங்கோவில் (பைத்தானில் வெப் அப்ளிகேஷன் கட்டும் சட்டகம்) குவெரிசெட்டை, அதாவது டேட்டாபேஸ் தரும் வரிகளின் தொகுப்பை, வாங்கி பைத்தானின் 'சார்ட்டெட்'டுக்குள் போடுவதும், ரூபியின் ரெயில்ஸ் சட்டகத்தில் 'ஆர்டர்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சார்ட்_பை' என்று எழுதுவதும் ஒன்றுதான். இருபது வரி காட்ட, டேபிளையே நெட்வொர்க் வழியாக இழுத்து மெமரியில் கொட்டுகிறோம்.

டேட்டாபேஸில்: வரிசைப்படுத்தாமலே வரிசையாக வாங்குவது

டேபிளில் வேகமாகத் தேட வைத்திருக்கும் துணைப் பட்டியல்தான் இண்டெக்ஸ். அதில் பி-ட்ரீ வகை என்பது ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்ட பட்டியல். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) கேட்கும் வரிசையும் இண்டெக்ஸ் வைத்திருக்கும் வரிசையும் பொருந்திவிட்டால் டேட்டாபேஸ் எதையும் வரிசைப்படுத்தாது. இண்டெக்ஸின் ஒரு முனையில் தொடங்கி 20 எடுத்துக்கொண்டு நின்றுவிடும். டேபிளில் பத்தாயிரம் வரி இருந்தாலும் ஒரு கோடி இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே சொல்லும். குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போட்டுப் பாருங்கள். சார்ட் என்ற படியே இல்லாமல் இண்டெக்ஸ் ஸ்கேன் மட்டும் இருந்தால் நல்லது. 'டாப்-என் ஹீப்சார்ட்' என்று வந்தால், லிமிட் (எத்தனை வரி போதும் என்ற எல்லை) இருப்பதைப் பார்த்து மேலான 20-ஐ மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளியிருக்கிறது. மெமரி செலவு குறைவு, ஆனால் தகுதியான எல்லா வரிகளையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 'குவிக்சார்ட்' என்றால் முழுவதும் மெமரியில் அடங்கிவிட்டது. 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று டிஸ்க் அளவோடு வந்தால்தான் கவலை: மெமரி போதாமல் டிஸ்கில் துண்டு துண்டாக எழுதி, பிறகு இணைத்திருக்கிறது.

அந்த மெமரி எல்லை 'வொர்க்_மெம்'. இயல்பு மதிப்பு 4 எம்பி. அதைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று கன்ஃபிக் ஃபைலில் 64 எம்பி போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது சர்வர் முழுவதற்குமான எல்லை கிடையாது. ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியாக அந்த அளவு. 100 இணைப்புகள் ஆளுக்கொரு சார்ட் ஓட்டினாலே 6.4 ஜிபி. பெரிய ரிப்போர்ட் ஒன்றுக்குத் தேவைப்பட்டால் அந்த டிரான்சாக்ஷனுக்குள் (ஒரே தொகுப்பாக ஓடும் குவெரிகள்) மட்டும் 'செட் லோக்கல்' போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இதற்கு ஈடானது 'சார்ட்_பஃபர்_சைஸ்', இயல்பாக 256 கேபி. எக்ஸ்பிளெய்னில் 'யூசிங் ஃபைல்சார்ட்' என்று பார்த்ததும் டிஸ்குக்குப் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெயர்தான் அப்படி. இண்டெக்ஸ் வரிசை உதவவில்லை, தனியாக அடுக்க வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள். சிறிய தரவாக இருந்தால் மெமரியிலேயே முடிந்திருக்கும்.

பல நெடுவரிசைகள் சேர்ந்த கூட்டு இண்டெக்ஸில் அவற்றை எந்த வரிசையில் வைப்பது? வாடிக்கையாளர் தந்த ஆர்டர்களின் டேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'நிலை = நிலுவை' என்று வடிகட்டி, தேதி இறங்குவரிசையில், 20 வரி வேண்டும். இண்டெக்ஸ் (நிலை, தேதி, ஐடி) என்று இருக்க வேண்டும். ஐடி என்பது ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண். சமக்குறி போட்டு வடிகட்டும் நெடுவரிசை முதலில், வரிசைப்படுத்தும் நெடுவரிசைகள் அடுத்து. 'நிலுவை' என்ற பகுதிக்குள் நுழைந்ததும் அங்கே எல்லாம் தேதிவாரியாக நிற்கும். இதையே (தேதி, நிலை) என்று திருப்பிப் போட்டால், புதிய தேதியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நிலுவையில் இருப்பதைப் பொறுக்க வேண்டும். நிலுவை அதிகமாக இருக்கும்வரை வேகமாகத்தான் இருக்கும். எல்லா ஆர்டரும் முடிந்து இரண்டே இரண்டு நிலுவை மிஞ்சிய நாளில், அந்த இரண்டைத் தேடி இண்டெக்ஸ் முழுவதும் நடக்கும்.

இதே பள்ளத்தில், குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் போஸ்ட்கிரெஸ் பிளானர் தானாகவே விழுவதும் உண்டு. 'ஐடி-வாரியாக, லிமிட் 10' என்று கேட்டால், பிரைமரி கீ (இங்கே ஐடி) வரிசையில் நடந்தால் சீக்கிரம் பத்து கிடைத்துவிடும் என்று அது கணக்குப் போடும். தகுதியான வரிகள் டேபிள் முழுக்கச் சீராகப் பரவியிருக்கின்றன என்ற அனுமானத்தின் மேல் போடும் கணக்கு அது. அவையெல்லாம் ஒரே மூலையில் குவிந்திருந்தால் அனுமானம் பொய்க்கும். லிமிட்டை எடுத்தால் வேகமாக ஓடி, லிமிட் போட்டால் மெதுவாகும் குவெரியைப் பார்த்தால் இதைச் சந்தேகியுங்கள். மருந்து, மேலே சொன்ன கூட்டு இண்டெக்ஸ்தான்.

வடிகட்டல் சமக்குறியாக இல்லாமல் வீச்சாக இருந்தால் (தொகை 500-க்கு மேல், தேதிவாரியாக) ஒரே இண்டெக்ஸ் இரண்டையும் தராது. (தொகை, தேதி) என்று வைத்தால் வருவது தொகை வரிசை. தேதி இண்டெக்ஸில் நடந்தால் தொகையை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எது மலிவு என்பது எத்தனை வரிகள் அந்த வீச்சுக்குள் விழுகின்றன என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவை விழுந்தால் தேதி இண்டெக்ஸ், மிகச் சிலவே விழுந்தால் தொகை இண்டெக்ஸ்.

திசை விஷயம் சுருக்கமாக. எல்லா நெடுவரிசையும் ஒரே திசை என்றால் ஒரு இண்டெக்ஸ் போதும், பின்னாலிருந்தும் படிக்கலாம். ஒன்று ஏறு, ஒன்று இறங்கு என்றால் இண்டெக்ஸையும் அப்படியே கலந்த திசையில் உருவாக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முன்பு இண்டெக்ஸில் 'டெஸ்க்' (இறங்குவரிசை) என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் கண்டுகொள்ளாது.

நல் (null, அதாவது மதிப்பே இல்லாத செல்) இன்னொரு மறைகுழி. ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ் நல்-ஐக் கடைசியில் வைக்கும், இறங்குவரிசையில் முதலில். மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூலைட்டும் இதற்கு நேர் எதிர். போஸ்ட்கிரெஸ்ஸில் 'கடைசித் தேதி' இறங்குவரிசையில் கேட்டால், தேதியே இல்லாதவர்கள் எல்லாம் மேலே வந்து நிற்பார்கள். அதைச் சரிசெய்ய குவெரியில் 'நல்ஸ் லாஸ்ட்' சேர்த்ததும் இன்னொன்று உடையும்: இயல்பாக உருவான இண்டெக்ஸ் அந்த வரிசைக்குப் பொருந்தாது, சார்ட் படி திரும்ப முளைக்கும். இண்டெக்ஸையும் 'நல்ஸ் லாஸ்ட்' என்றே உருவாக்குங்கள். முடிந்தால் அந்த நெடுவரிசையை நல் ஏற்காததாகவே மாற்றிவிடுங்கள், அது இன்னும் நிம்மதி.

வேறு டேபிளில் உள்ள நெடுவரிசையின்படி வரிசை கேட்பது (ஆர்டர்களை வாடிக்கையாளர் பெயர்வாரியாக), எண்ணிக்கையின்படி கேட்பது (பதிவுகளைப் பின்னூட்ட எண்ணிக்கைவாரியாக): இரண்டுக்கும் நேரடியான இண்டெக்ஸ் கிடையாது. முதலாவதுக்குப் பெயரை ஆர்டர் டேபிளிலும் நகலெடுத்து வைக்க வேண்டும். இரண்டாவதுக்கு எண்ணிக்கையைத் தனி நெடுவரிசையாக வைத்து, பின்னூட்டம் சேரும்போதும் நீங்கும்போதும் புதுப்பிக்க வேண்டும். இரண்டுமே எழுதும் பக்கத்தில் கூடுதல் வேலை. ஆகவே பன்னிரண்டு தலைப்புக்கும் அம்புக்குறி வைக்காதீர்கள் என்பது என் கட்சி. ஒவ்வோர் அம்புக்குறியும் ஓர் இண்டெக்ஸ், ஒவ்வோர் இண்டெக்ஸும் ஒவ்வோர் இன்செர்ட்டிலும் (புது வரி சேர்க்கும்போதும்) கொடுக்கும் விலை. தேதி, தொகை, பெயர் என்று மூன்று போதும். மீதிக்கு வடிகட்டி வையுங்கள்.

சமமாக இருப்பவர்களை யார் பிரிப்பது?

தேதிவாரியாக அடுக்கச் சொன்னீர்கள். ஒரே தேதியில் நாற்பது ஆர்டர். அந்த நாற்பதுக்குள் எது முன், எது பின் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால் டேட்டாபேஸ் தனக்கு வசதியானபடி தரும், ஒவ்வொரு முறையும் வேறாகத் தரவும் அதற்கு உரிமை உண்டு. முதல் பக்கம் ஒரு குவெரி, இரண்டாம் பக்கம் வேறு குவெரி. இரண்டுக்கும் இடையே வரிசை மாறினால் ஒரே ஆர்டர் இரண்டு பக்கத்திலும் வரும், இன்னொன்று எதிலுமே வராது. திரும்ப வந்ததைப் பயனர் கவனித்துச் சொல்வார். வராமல் போனதை யாரும் சொல்லமாட்டார்கள். எனவே ஆர்டர் பை-யின் (குவெரியில் வரிசையைச் சொல்லும் பகுதி) கடைசியில் எப்போதும் ஐடி. விதிவிலக்கே வேண்டாம்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது தொடக்கத்திலிருந்து இத்தனை வரிகளைத் தாண்டு என்று சொல்வது. 'ஆஃப்செட் 100000 லிமிட் 20' என்றால் ஒரு லட்சத்து இருபது வரிகளைப் படித்து ஒரு லட்சத்தை எறிவது. இண்டெக்ஸ் இருந்தாலும் எண்ணிக்கொண்டே நடந்துதான் போக வேண்டும். தவிர, பயனர் முதல் பக்கத்தைப் படிக்கும்போது மேலே மூன்று புது ஆர்டர்கள் வந்துவிட்டால் எல்லாம் மூன்று இடம் கீழே நகரும், இரண்டாம் பக்கத்தின் முதல் மூன்றும் ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும்.

இதற்கு மாற்று, கீசெட் முறை. எத்தனையாவது வரி என்று கேட்காமல், கடைசியாகப் பார்த்த வரிக்கு அடுத்தது என்று கேட்பது. இறங்குவரிசையில், (தேதி, ஐடி) என்ற ஜோடி கடைசி வரியின் (தேதி, ஐடி) ஜோடியைவிடச் சிறியதாக இருப்பவை, லிமிட் 20. போஸ்ட்கிரெஸ் இந்த ஜோடி ஒப்பீட்டை இண்டெக்ஸில் நேராக அந்த இடத்துக்குத் தாவுவதற்குப் பயன்படுத்தும். ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கத்தின் வேகத்தில் வரும். மைஎஸ்க்யூஎல்-இல் ஜோடியாக எழுதாமல் விரித்து எழுதுங்கள்: தேதி சிறியது, அல்லது தேதி சமம் மற்றும் ஐடி சிறியது. அதோடு 'தேதி சிறியது அல்லது சமம்' என்ற நிபந்தனையையும் வெளியே சேர்த்தால் இண்டெக்ஸ் வீச்சுக்கு உதவும்.

கீசெட் எழுதும் பலர் தடுக்கி விழும் ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். போஸ்ட்கிரெஸ்ஸின் நேரமுத்திரை மைக்ரோநொடி வரை போகும். ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிநொடியோடு நின்றுவிடும். பக்கத்தின் கடைசி வரியின் நேரம் 10:15:30.123456 என்று வையுங்கள். நோட் சர்வர் (ஜாவாஸ்கிரிப்டில் ஓடுவது) அதை டேட் ஆக மாற்றிக் கர்சரில் (எதுவரை பார்த்தோம் என்ற அடையாளம்) வைக்கும்போது 10:15:30.123 ஆகிவிடும். அடுத்த பக்கம் '.123000-ஐவிடச் சிறியவை' என்று கேட்கும். .123000-க்கும் .123456-க்கும் இடையில் பதிவான வரிகள் அத்தனையும் காணாமல் போகும். ஏறுவரிசையில் இதே பிழை வேறு முகம் காட்டும்: பார்த்த வரியே திரும்ப வரும். ஒரே வேகத்தில் நூற்றுக்கணக்கில் இறக்குமதி செய்த தரவில்தான் இது வெளிப்படும், கையால் நான்கு வரி சேர்த்துச் சோதித்தால் தெரியவே தெரியாது. கர்சருக்கான நேரத்தை டேட்டாபேஸிலிருந்தே எழுத்தாக வாங்கி, தொடாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். அல்லது நெடுவரிசையையே மில்லிநொடித் துல்லியத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

நல் இங்கேயும் வரும். ஜோடியில் ஒன்று நல் என்றால் ஒப்பீட்டின் விடையும் நல், அந்த வரிகள் எந்தப் பக்கத்திலும் தலைகாட்டாது. வரிசைக்கான நெடுவரிசை மாறிக்கொண்டே இருப்பதாக இருந்தால் (கடைசியாகத் திருத்திய நேரம் போல) கீசெட்டும் முழுப் பாதுகாப்பு தராது. நடுவில் திருத்தப்பட்ட வரி மேலே தாவிவிடும். பிரவுசர் பக்கம் ஐடி பார்த்து இரட்டிப்பை வடிகட்டிக்கொள்வதைத் தவிர வேறு எளிய வழி இல்லை. கர்சருக்குள் வரிசையின் பெயரும் திசையும் சேர்ந்தே இருக்கட்டும். பயனர் வரிசையை மாற்றியதும் பழைய கர்சர் செல்லாது என்று சர்வர் மறுக்க வேண்டும்.

57-ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாதே என்பார்கள். முடியாதுதான். தேடலுக்கென்றே உள்ள எலாஸ்டிக்சர்ச்கூட இயல்பாக 10,000 முடிவுகளுக்கு மேல் ஆஃப்செட் முறையில் போகவிடாது, கீசெட் போன்ற 'சர்ச் ஆஃப்டர்' பயன்படுத்தச் சொல்லும். பக்க எண் கட்டாயம் வேண்டும் என்றால் ஆஃப்செட்டுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

வலை முகவரியில் வரும் 'சார்ட்' அளவுரு பற்றி ஒரு வார்த்தை. நெடுவரிசைப் பெயரை, மதிப்பைப் போலக் குவெரியில் கேள்விக்குறி வைத்துத் தனியாக அனுப்ப முடியாது. அனுப்பினால் டேட்டாபேஸ் அதை வெறும் எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும். எல்லா வரிக்கும் ஒரே சரம், ஆகவே வரிசையே நடக்காது, பிழையும் வராது. அதைப் பார்த்துக் குழம்பி, பெயரை நேராகக் குவெரியில் ஒட்டுபவர்கள் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு (வெளியாள் தன் குவெரியைப் புகுத்தும் தாக்குதல்) கதவைத் திறந்துவிடுகிறார்கள். 'தேதி' வந்தால் இந்த ஆர்டர் பை, 'தொகை' வந்தால் அந்த ஆர்டர் பை என்று நிரலில் ஒரு சிறிய அட்டவணை, அதில் இல்லாதது வந்தால் 400 (தவறான கோரிக்கை) என்ற பிழை. வேறு எந்த வழியும் இதைவிட எளிது இல்லை.

பிரவுசரில்

ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்', எது முன் எது பின் என்று சொல்லும் ஒப்பீட்டுச் சார்பு தராவிட்டால், எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி ஒப்பிடும். 1, 2, 10 என்ற எண்கள் 1, 10, 2 ஆகும். தொடக்கத்தில் சொன்ன பத்தும் இரண்டும் இதுதான். ஒப்பீட்டுச் சார்பு எதிர் எண், பூஜ்யம், நேர் எண் என மூன்றில் ஒன்றைத் தர வேண்டும். 'அ பெரியதா ஆ-வைவிட' என்று ஆம்/இல்லை விடை தருபவர்கள் 1 அல்லது 0 மட்டுமே தருகிறார்கள், எதிர் எண் வருவதே இல்லை. பழைய குரோமில் பத்து உறுப்பு வரையான பட்டியலுக்கு இன்செர்ஷன் சார்ட் ஓடியதால் இது தற்செயலாகச் சரியாக வந்தது. 2018-இல் குரோம் 70 டிம்சார்ட் என்ற வேறு முறைக்கு மாறியபின் அதே நிரலில் பட்டியல் அசையாமல் வந்தபடியே நிற்கும்.

ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து விடை தரும் முறையிலும் ஓட்டை உண்டு. மதிப்பு இல்லாத ஃபீல்டு வந்தால் கழித்தலின் விடை 'நேன்' (எண் அல்லாதது). அதைச் சார்ட் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். மதிப்பில்லாத ஒன்று எல்லோருக்கும் சமம் என்றாகிவிட்டால் ஒப்பீடு முன்னுக்குப் பின் முரண், மொத்த வரிசையும் கலங்கும். மதிப்பில்லாதவை கடைசியில் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, பிறகு கழியுங்கள்.

டிம்சார்ட், 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதியது. ஏற்கெனவே பாதி அடுக்கப்பட்ட தரவில் அதற்கு வேலை குறைவு. முழுக்க வரிசையாக இருந்தால், உறுப்புகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான ஒப்பீடுகளோடு முடித்துவிடும். சமமானவற்றின் முன்பின் மாறாது என்ற உறுதியும் 2019 பதிப்பிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் மொழி விதியாகவே இருக்கிறது. அதனால் பெயர்வாரியாக அடுக்கிவிட்டு நிலைவாரியாக அடுக்கினால், ஒரே நிலைக்குள் பெயர் வரிசை அப்படியே இருக்கும். ஏறு-இறங்கு மாற்ற 'ரிவர்ஸ்' போட்டால் அந்தப் பெயர் வரிசையும் சேர்ந்து தலைகீழாகும். ஒப்பீட்டுச் சார்பைத் திருப்புவதுதான் சரி.

'சார்ட்' மூலப் பட்டியலையே மாற்றிவிடும். ரியாக்டில் (திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஸ்டேட்டை, அதாவது அது வைத்திருக்கும் தரவை, நேராகச் சார்ட் செய்து அதையே திரும்ப வைத்தால், அதே பட்டியல்தானே என்று திரை புதுப்பிக்கப்படாமல் போகும். 'டுசார்ட்டெட்' புதுப் பட்டியல் தரும். குரோம் 110, ஃபயர்ஃபாக்ஸ் 115, சஃபாரி 16 முதல் உண்டு.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அல்காரிதத்தில் இல்லை, ஒப்பீட்டுச் சார்புக்குள் இருக்கிறது. கலைந்து கிடக்கும் ஒரு லட்சம் வரிக்குச் சுமார் 17 லட்சம் ஒப்பீடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு தேதிச் சரங்களைப் பிரித்துப் படித்தால் 34 லட்சம் முறை. முன்கூட்டியே ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை எண்ணாக மாற்றி வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் முறை. தேதிகள் எல்லாம் ஐஎஸ்ஓ வடிவில், ஒரே நேரமண்டலத்தில், ஒரே நீளத்தில் இருந்தால் மாற்றவே வேண்டாம், எழுத்தாகவே சிறியது பெரியது பார்க்கலாம்.

எழுத்துக்கு, மொழியின் விதிப்படி ஒப்பிடும் 'லோகேல்கம்பேர்' என்பதை ஒப்பீட்டுக்குள் லோகேலோடு (மொழிக் குறியீட்டோடு) திரும்பத் திரும்ப அழைக்காமல், வெளியே ஒரே ஒரு 'இன்டெல் கொலேட்டர்' உருவாக்கி அதன் 'கம்பேர்' சார்பைக் கொடுங்கள். அதில் 'நியூமெரிக்' விருப்பத்தை இயக்கினால் 'கோப்பு 10' என்பது 'கோப்பு 2'-க்குப் பின்னால் சரியாகப் போகும்.

தமிழுக்கு இந்தக் கொலேட்டர் வேகத்துக்காக மட்டும் இல்லை, அது இல்லாமல் வரிசையே தவறு. யூனிகோடு எண்ணின்படி ன என்பது ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் இருக்கிறது, ற என்பது ர-வை ஒட்டி. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி. புள்ளிக்குரிய எண் எல்லா மெய்க்கும் உயிர்க்குறிக்கும் பின்னால் வருகிறது, அகராதியில் க் என்பது க-வுக்கு முன்னால். எனவே எண்வரிசையில் அகம், அக்கா, மனம், மலர் என்று வரும். அகராதி வரிசையில் அக்கா, அகம், மலர், மனம். இந்த நான்கு சொற்களையும் உங்கள் டேட்டாபேஸிலும் பிரவுசரிலும் போட்டுப் பாருங்கள், எந்தக் கொலேஷன் (எழுத்து வரிசை விதி) ஓடுகிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் வேறு விடை தந்தால், சர்வர் தந்த பட்டியலைப் பிரவுசர் மறுபடி அடுக்கும் இடமெல்லாம் உடையும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஐசியூ நூலகத்தின் தமிழ்க் கொலேஷன் இருக்கிறது. குவெரியில் எதைச் சொல்கிறீர்களோ, இண்டெக்ஸும் அதே கொலேஷனில் இருந்தால்தான் பயன்படும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றேதான். பைட் வரிசையில் 'கொடி' இரண்டு இடத்தில் சிதறி நிற்கும். உள்ளே வாங்கும்போதே, இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.

கொலேஷன் பேச்சு வந்ததால்: போஸ்ட்கிரெஸ் இயல்பாக லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி தரும் எழுத்து வரிசையை நம்பியிருக்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையைப் பெரிதாக மாற்றியது. சர்வரின் இயங்குதளத்தை மட்டும் அந்தப் பதிப்பைத் தாண்டி மேம்படுத்தினால், பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புது வரிசைப்படி தேடும் நிலை வரும். இருக்கும் வரி 'இல்லை' என்று வரும், இரட்டிப்பே கூடாத யூனிக் நெடுவரிசையில் இரட்டிப்பு நுழையும். எழுத்து நெடுவரிசை உள்ள எல்லா இண்டெக்ஸையும் 'ரீஇண்டெக்ஸ்' செய்ய வேண்டும்.

திரையில் மிஞ்சுவன

சார்ட் முடிந்தபின் ஆயிரக்கணக்கான வரிகளை டாமில் (பக்கத்தைப் பிரவுசர் வைத்திருக்கும் அமைப்பு) மாற்றி அடுக்குவதற்குச் சார்ட்டைவிட அதிக நேரம் பிடிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடிதான். கண்ணில் படும் வரிகளை மட்டும் வரையும் விர்ச்சுவல் பட்டியல் முதல் மருந்து. பின்னணியில் தனியாக நிரல் ஓட்டும் வெப் வொர்க்கர் அதற்குப் பிறகுதான். வொர்க்கருக்கு ஒரு லட்சம் ஆப்ஜெக்ட்களை அனுப்பினால் நகலெடுக்கும் செலவே சார்ட்டை விழுங்கிவிடும். வரிசைக்கான எண்களை மட்டும் ஃப்ளோட்64 அரேயாக மாற்றிக் கைமாற்றிவிட்டு, எந்த வரி எங்கே என்ற வரிசை எண்களைத் திரும்ப வாங்குவது மலிவு.

ரியாக்டில் வரியின் அடையாளமான 'கீ' ஆகப் பட்டியல் எண்ணை வைத்தால், சார்ட் செய்ததும் டிக் போட்ட பெட்டியும் பாதி தட்டிய உரையும் அதே இடத்தில் நின்று வேறொருவர் வரியில் ஒட்டிக்கொள்ளும். ஐடி வையுங்கள்.

பயனர் 'பெயர்' தட்டி, உடனே 'தேதி' தட்டுகிறார். பெயருக்கான பதில் தாமதமாக வந்து தேதி வரிசையின் மேல் அமர்கிறது: அம்புக்குறி தேதியில், பட்டியல் பெயர்வாரியாக. அபார்ட் கன்ட்ரோலரால் முந்தைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள். அம்புக்குறியை வண்ணத்தால் மட்டும் காட்டாமல் தலைப்புச் செல்லில் 'ஏரியா-சார்ட்' என்ற குறிப்பை வைத்து, தட்டும் இடத்தை உண்மையான பட்டனாக ஆக்குங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு வரிசை மாறியது தெரிய வேறு வழி இல்லை.

சோதிக்க 12 வரி போதும். நான்குக்கு ஒரே தேதி. இரண்டுக்கு ஒரே மில்லிநொடி, வேறு மைக்ரோநொடி. தொகைகளில் 2, 10 இரண்டும் இருக்கட்டும், இரண்டில் தொகை நல். பெயர்களில் மேலே சொன்ன நான்கு சொற்கள், இரண்டு விதமாகச் சேமித்த 'கொடி'. பக்க அளவை 3 என்று வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் இரு திசையிலும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை போய், வந்த ஐடிகளைச் சேர்த்து எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் 12 வர வேண்டும், எதுவும் இருமுறை வரக்கூடாது.